நித்திரைக்கு அஞ்சுகிறவர்களுக்கு

வீட்டில் இரவுச் செபம் முடிந்து, விளக்கணைத்து, எல்லோரும் பாயிற் சாய்ந்த பின்பும் ஒருவர் மட்டும் விறாந்தையில் குந்தியிருக்கிறார். கேட்டால் வெக்கை என்பார், நுளம்பு என்பார், நித்திரை வரவில்லை என்பார். உண்மை வேறு. அவருக்கு நித்திரை வருகிறது. வந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறார். கண்ணை மூடினால் அந்தக் கனவு வரும். ஆகையால் மூடாதிருக்க வழி தேடுகிறார். அன்பான வாசகரே, இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். இதை வாசிக்கும் நீங்களே அவராகவும் இருக்கலாம். இந்த வாரப் பாடம் அவருக்காக எழுதப்படுகிறது.

இத்தகையோர் எம்மிடம் வரும்போது பெரும்பாலும் வேறு அலுவலாகவே வருவார்கள். திருப்பலிக் கருத்து எழுதித் தருவார்கள்; வீட்டை ஆசீர்வதிக்க வரும்படி கேட்பார்கள். எழுந்து போகும் வேளையில் வாசலில் நின்று, "சுவாமி, இரவில் ஒரு கனவு..." என்று மெல்லத் தொடங்குவார்கள். அவர்கள் கேட்பவை சுற்றிச் சுற்றி மூன்று கேள்விகளாகவே இருக்கும். இது பேயின் வேலையா? நான் செய்த பாவத்துக்குத் தண்டனையா? வரப்போகும் கேட்டுக்கு அறிகுறியா?

பாவத்தைப் பற்றிய கேள்விக்கு விடை நெடுங்காலமாகவே உண்டு. பாவம் என்றால் அறிவும் சம்மதமும் வேண்டும். நித்திரையில் இரண்டும் இல்லை. கனவில் நிகழ்வது தன்னளவில் பாவமாகாது என்பதைப் புனித தோமாஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கிறார். ஆகவே கனவில் ஒருவரைக் கொன்றீர்கள், பிள்ளையைக் கைவிட்டு ஓடினீர்கள் என்பதைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. தண்டனையோ என்று ஐயுறுபவர் யோபு ஆகமத்தின் 7ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்கட்டும். ஆறுதல் தேடிக் கட்டிலுக்குப் போனால் அங்கும் கனவுகளே தன்னைக் கலங்கடிக்கின்றன என்று முறையிடுகிறவர் நீதிமான் என்று பெயர்பெற்ற ஒருவர்.

பேயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1172ஆம் சட்டப்படி, ஆயரின் சிறப்பான, வெளிப்படையான அனுமதியின்றிப் பேயோட்டும் சடங்கு செய்ய எந்தக் குருவுக்கும் உரிமை இல்லை. குருவுக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், நூல் கட்டுகிறவரிடமும் பார்வை பார்க்கிறவரிடமும் கெட்ட கனவுக்காகப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதைப் பற்றி என்ன சொல்வது? அறிகுறியா என்ற மூன்றாவது கேள்வி இவற்றைவிடக் கனமானது. அதற்குப் பின்னர் வருவோம்.

கனவு வரும் நேரம்

1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆசெரின்ஸ்கி என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் கிளைட்மனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நித்திரை கொள்பவரின் விழிகள் மூடிய இமைக்குள் சில வேளைகளில் வேகமாக ஓடுகின்றன. அந்நேரம் பார்த்து எழுப்பினால் அவர் பெரும்பாலும் ஒரு கனவைச் சொல்கிறார். இதை நாம் விழியோட்ட நித்திரை என்று வைத்துக்கொள்வோம். இரவு முழுவதும் நித்திரை ஒரே சீராக இருப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, ஆழ்ந்த நித்திரைக்கு இறங்கி, விழியோட்ட நித்திரைக்கு ஏறி, மீண்டும் இறங்குகிறோம். முன்னிரவில் ஆழ்ந்த நித்திரை மிகுதி. விடியல் நெருங்க நெருங்க விழியோட்ட நித்திரை நீளும். கெட்ட கனவு பெரும்பாலும் சாமத்துக்குப் பின்னர் வருவது இதனாலேயே. மூன்று மணி பேய் உலாவும் நேரம் என்று கிழவிகள் சொல்வதற்கும் இதுவே காரணமாயிருக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

விழியோட்ட நித்திரையின்போது மூளை கைகால்களின் தசைகளைப் பூட்டிவைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் பாயை விட்டு எழுந்து ஓடிவிடுவார். சிலருக்கு மனம் விழித்த பின்பும் அந்தப் பூட்டுச் சற்று நேரம் திறவாது. கண் தெரிகிறது, கூப்பிட வாய் வரவில்லை, நெஞ்சில் யாரோ ஏறியிருப்பது போன்ற பாரம். பேய் அமுக்கியது என்று எங்கள் ஊர்களில் சொல்வது இதனையே. ஓரிரு நிமிடத்தில் தானாக விலகிவிடும். நித்திரை குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அது அதிகம் வரும். ஒரு பக்கம் சரிந்து படுத்தால் குறையக் கூடும்.

எப்போதாவது ஒரு கெட்ட கனவு வராத மனிதர் இல்லை. காய்ச்சலில் வரும், சோதனைக்கு முந்திய நாள் வரும். அதைப் பற்றி இங்கே நாம் பேசவில்லை. கிழமைக்கு இரண்டு மூன்று முறை, மாதக் கணக்காக, ஆண்டுக் கணக்காக, அதே கனவு வருவதே பேச்சு. பெரும் பயத்தைக் கண்ட மனம், நடந்ததை முடிந்த கதையாக மடித்துவைக்க இயலாமல், இப்போது நடப்பது போலத் திரும்பத் திரும்ப விரிக்கிறது. எம் மக்களிடம் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1995 யூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள். 1999 நவெம்பரில் மடுவில் ஷெல் விழுந்தபோது அங்கிருந்தவர்கள். 2004 டிசெம்பர் 26 அன்று கடலைக் கண்டவர்கள். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து நடந்து வந்தவர்கள். 2019 ஏப்பிரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் பூசைக்குப் போயிருந்தவர்கள். இவர்களிற் சிலருக்குக் கனவில் வரும் இடமே கோவில்தான். அவர்கள் ஞாயிறு பூசைக்கு வந்தாலும் கதவோரத்தில் நிற்பதைக் கண்டு, பக்தி குறைந்தவர்கள் என்று தயவுசெய்து யாரும் பேச வேண்டாம்.

போர் முடிந்த சில வாரங்களில், 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்திய கணக்கெடுப்பொன்று 2011இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. அதிர்ச்சியின் பின்னான மனநோயின் அறிகுறிகள் நூற்றுக்கு 7 பேரிடமும், கடும் பதற்றத்தின் அறிகுறிகள் நூற்றுக்கு 32 பேருக்கு மேலும் காணப்பட்டன. கெட்ட கனவு இந்நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் இத்தகைய காயங்களைப் பற்றி எழுதிய நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டார். பொருத்தமான சொல். வடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தொட்டால் நோகிறது.

ஓட ஓடத் துரத்தும்

இனி, விறாந்தையில் குந்தியிருப்பவரிடம் வருவோம். நித்திரையைத் தள்ளிப்போட்டால் கனவிலிருந்து தப்பலாம் என்று அவர் எண்ணுகிறார். நடப்பது நேர்மாறானது. 1960இல் வில்லியம் டிமென்ட் என்ற ஆய்வாளர் சிலரை, விழியோட்ட நித்திரை தொடங்கும்போதெல்லாம், தொடர்ந்து சில இரவுகள் எழுப்பிவிட்டார். பின்னர் தடையின்றி உறங்க விட்டபோது அந்த நித்திரை வழமையைவிட அதிகமாக வந்தது. உடல் தனக்குச் சேரவேண்டிய கடனை வட்டியோடு வாங்கிக்கொள்ளும். மூன்று இரவு விழித்திருந்து நாலாம் இரவு சோர்ந்து விழுகிறவருக்குக் கனவு முன்னிலும் நீளமாய், முன்னிலும் கொடூரமாய் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் கண்டு இன்னும் பயந்து இன்னும் விழித்திருக்கிறார். சில மாதங்கள் செல்ல, கனவைவிட நித்திரை பற்றிய பயமே பெரிய நோயாகிவிடுகிறது.

சாராயமும் இப்படித்தான். எங்கள் ஆண்கள் பலர் குடியை நித்திரை மருந்தாகவே தொடங்கினார்கள் என்பதை அவர்களுடைய மனைவிமார் அறிவார்கள். குடித்தால் முன்னிரவில் கனவு அடங்கும், உண்மை. வெறி இறங்கும் பின்னிரவில் அடக்கிய கனவெல்லாம் ஒன்றாக எழும். பிறகு அதற்கும் ஒரு போத்தல் தேவைப்படும். மாலை ஆறு மணிக்குப் பின் குடிக்கும் கடும் கோப்பியும் சாயத் தேத்தண்ணியும் நித்திரையைக் குலைப்பவையே. கோப்பியிலுள்ள கஃபீனில் பாதி உடலை விட்டுப் போக ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும்.

சிலர் இந்த நோக்கத்துக்குச் செபத்தையும் பயன்படுத்துவதுண்டு. நித்திரை வராதிருக்க ஐந்து, ஆறு செபமாலை சொல்லிக்கொண்டு விடியும்வரை இருப்பார்கள். பக்தியைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. எனினும் இது செபம் என்பதைவிடக் காவல் என்றே சொல்ல வேண்டும். குருக்களும் துறவிகளும் சொல்லும் இராச் செபத்தில் பழைய இலத்தீன் பாட்டு ஒன்று உண்டு. இரவின் கெட்ட கனவுகளும் மாயத் தோற்றங்களும் விலக வேண்டும் என்று அதில் கேட்கப்படுகிறது. அதைச் சொல்லி முடித்தவுடன் படுக்கப் போவதே ஒழுங்கு. ஒரு காரணம், ஒரு கர்த்தர் கற்பித்த செபம், சிலுவை அடையாளம், பிறகு படுக்கை. போதும்.

பகலில் செய்யும் வேலை

கெட்ட கனவை இரவில் எதிர்க்க முடியாது. பகல் வெளிச்சத்தில், விழித்த புத்தியோடு எதிர்க்கலாம். இதற்கு வைத்தியர்கள் இன்று முதலிற் சொல்வது எளிமையான ஒரு முறை. கனவை மாற்றி எழுதி ஒத்திகை பார்த்தல் என்று அதனைச் சொல்லலாம். 2001இல் பரி கிராக்கோ என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய குழுவினரும், பாலியல் வன்முறைக்கு உள்ளாகிக் கெட்ட கனவால் வருந்திய 168 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு இம்முறை மூன்று அமர்வுகளிற் கற்பிக்கப்பட்டது, மற்றவர்கள் காத்திருந்தார்கள். கற்றவர்களுக்குக் கெட்ட கனவு தெளிவாகக் குறைந்தது, நித்திரையும் சீர்ப்பட்டது. அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையும் இம்முறையைப் பரிந்துரைக்கிறது.

செய்வது இவ்வளவுதான். பகலில், வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கனவைச் சுருக்கமாக எழுதுங்கள். பிறகு அதை உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள். தொடக்கத்தை மாற்றலாம், முடிவை மாற்றலாம், நடுவில் ஒரு கதவைத் திறக்கலாம். எது சரி என்று வேறொருவர் சொல்லத் தேவையில்லை. மாற்றிய கதையைக் கண்ணை மூடி, பார்ப்பது போல, கேட்பது போல, நாளுக்குப் பத்து முதல் இருபது நிமிடம் மனதில் ஓடவிடுங்கள். பழைய கனவை ஓடவிட வேண்டாம், புதியதை மாத்திரம். சில கிழமைகள் விடாமல் செய்ய வேண்டும். சங்கீதம் பழகுகிறவன் பிழையான சுரத்தைத் திட்டித் திருத்துவதில்லை, சரியானதைத் திரும்பத் திரும்பப் பாடியே திருத்துகிறான், இதுவும் அப்படித்தான்.

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். கனவில் அவர் நந்திக்கடலைக் கடக்கிறார். தண்ணீர் கழுத்துக்கு வருகிறது. மகளின் கை நழுவுகிறது. அங்கே அலறி விழிக்கிறார். அவர் முதல் நாளே இந்தக் கனவை எடுக்கக் கூடாது. வழி தவறுவது, பஸ்ஸைத் தவறவிடுவது போன்ற சிறிய கனவொன்றில் கைபழகிய பிறகே இதற்கு வரவேண்டும். வந்தபின் அவர் இப்படி எழுதலாம்: தண்ணீர் இறங்கி முழங்காலளவாகிறது, காலடியில் மணல் தட்டுப்படுகிறது, மகளின் கை இவர் கைக்குள்ளேயே இருக்கிறது, அக்கரையில் இவருடைய தாயார் சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறார். நடக்கக் கூடியதா என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. கனவுக்குச் சட்டம் ஏது?

இது பொய் அல்லவா, நடந்ததை மறைப்பதல்லவா என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. நீங்கள் மாற்றுவது கனவை, நடந்ததை அன்று. நடந்தது நடந்ததே, அதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தும் மாற்றாமல் சொல்லுங்கள். ஆனால் நள்ளிரவில் நெஞ்சு அடித்துக்கொள்ள எழுந்து நடுங்குவதால் உண்மைக்கு எந்த இலாபமும் இல்லை.

இதைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு. மகனை இழந்த தாய்க்கு, எத்துணைக் கொடிய கனவென்றாலும், அவனைக் காணும் இடம் அது ஒன்றுதான். கனவு போய்விட்டால் அவனும் போய்விடுவானோ என்று அவர் அஞ்சுகிறார். நித்திரைக்கும் பயம், கனவை விடவும் பயம். இத்தகையோர் கனவிலிருந்து மகனை அகற்ற வேண்டியதில்லை. அவனை அங்கேயே வைத்து, அவனைச் சூழ உள்ளதை மாற்றலாம். இரத்தமில்லாத சட்டையோடு அவன் வாசலால் வரலாம், சாப்பிடலாம், பேசலாம். இதை அந்தத் தாயே எழுத வேண்டும். நாம் எழுதிக் கொடுப்பது முறையாகாது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு மூன்றாவது கேள்வி இங்கேதான் வந்து குத்துகிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து, ஆண்டுக் கணக்காகப் பிள்ளைகளைக் கேட்டுப் போராடிய தாய்மாரை நாம் அறிவோம். பகலெல்லாம் அவன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, இரவில் அவனைப் பிணமாகக் கனவு காண்கிறார் ஒரு தாய். விடிந்ததும் அதைச் செய்தியாக எடுத்துக்கொண்டு துடிக்கிறார். நம்பிக்கையைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்றும் துடிக்கிறார். அம்மா, கனவு மரண அத்தாட்சிப் பத்திரம் அன்று. அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாத எதுவும் கனவுக்கும் தெரியாது. உங்கள் பயம் எதுவோ அதையே அது படமாகக் காட்டுகிறது. புனித சூசையப்பருக்குக் கனவில் வழி காட்டப்பட்டதே என்று வேதாகமம் அறிந்தோர் கேட்கலாம். அக்கனவுகள் ஒவ்வொன்றும் என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லின. அவர் எழுந்து செய்தார். அலறி எழுப்பிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகும் கனவை அவற்றோடு சேர்க்க வேண்டாம்.

வீட்டார் செய்யக் கூடியது

கனவில் அலறி எழுந்தவரை என்ன கண்டாய் என்று உடனே கேளாதீர்கள். விளக்கைப் போடுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பாதத்தைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். இது எந்த ஆண்டு, இது யாருடைய வீடு என்று அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். மூளை பழைய இடத்திலிருந்து இந்த அறைக்கு வருவதற்கு அது உதவும். பதறி எழுபவர் கையை வீசக் கூடும். எனவே தொடுவதற்கு முன் குரல் கொடுங்கள். இருபது நிமிடத்தளவில் மீண்டும் நித்திரை வராவிட்டால் பாயில் புரளாமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் இருந்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுக்கலாம். கைத்தொலைபேசியை எடுக்க வேண்டாம். எத்தனை மணிக்கு நித்திரை வந்தாலும் விடிய எழும்பும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். சிறு விளக்கு எரிய வேண்டும், யாராவது பக்கத்தில் படுக்க வேண்டும் என்று பெரியவர் ஒருவர் கேட்டால் சிரிக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். படுத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துள் பிள்ளை வீரிட்டெழுந்து, கண் திறந்திருந்தும் தாயை அடையாளம் காணாமல் கத்தி, பின் அப்படியே உறங்கிவிட்டு, காலையில் ஒன்றும் தெரியாது என்றால், அது கனவு அன்று. ஆழ்ந்த நித்திரையிலிருந்து அரைகுறையாக எழும் ஒரு நிலை. உலுக்கி எழுப்பாமல், விழுந்து காயப்படாமல் பக்கத்தில் இருந்தாற் போதும். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். பின்னிரவில் அழுது எழுந்து கனவைச் சொல்லும் பிள்ளையோ விழித்த பிள்ளை. அதற்கு மடி வேண்டும். மறுநாள் அந்தக் கனவைப் படமாகக் கீறச் சொல்லி, பூதத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் இவ்விஷயத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரர். உறங்கவைக்கப் பூச்சாண்டியைக் கூப்பிடும் பழக்கத்தை மட்டும் பாட்டிமார் கைவிட வேண்டும்.

வைத்தியரிடம் போக வேண்டிய வேளைகளும் உண்டு. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்பிரனலோல் போன்ற சில மருந்துகளும், மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் கெட்ட கனவைக் கிளப்பக் கூடியவை; கனவு தொடங்கியது மருந்து தொடங்கிய பின்னரா என்று பாருங்கள், ஆனால் கேளாமல் நிறுத்தாதீர்கள். உரத்துக் குறட்டைவிட்டு, மூச்சடைத்து எழுகிறவரையும், வயதான காலத்தில் கனவுக்கேற்பக் கையைக் காலை வீசி அடிக்கிறவரையும் கட்டாயம் காட்ட வேண்டும். கெட்ட கனவுக்கு மருந்தாகப் பிரசோசின் என்பதைச் சில வைத்தியர்கள் கொடுப்பதுண்டு. சிறிய ஆய்வுகளில் பயன் தெரிந்தது. முன்னாள் படைவீரரிடையே செய்து 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை. அது இரத்த அழுத்தத்தை இறக்குவது. பக்கத்து வீட்டில் மிஞ்சிய குளிசையை வாங்கிப் போடும் மருந்தன்று.

கொப்பியில் எழுதத் தொடங்கியதும் நடுக்கம் கூடினாலோ, உயிரை விட்டால் நிம்மதி என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்தாலோ, தனியே தொடர வேண்டாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி எண் 1926. போகும்போது கொப்பியையும் கொண்டுபோங்கள். எத்தனை இரவு கனவு வந்தது, எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்று வைத்தியர் கேட்பார்.